ஸ்பானிஷில் வேர் மாறும் வினைகள்: அட்டவணையா, பூட்ஸ் படமா, அழுத்த விதியா?

ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கியவர்களுக்கு முதல் சில வாரங்கள் சுலபமாகப் போகும். வினைகள் மூன்றே வகை: -ஆர், -ஏர், -ஈர் என்று முடிபவை. ஒவ்வொரு வகைக்கும் ஆறு விகுதிகள். வேரை எடுத்து விகுதியை ஒட்டினால் வேலை முடிந்தது. அப்புறம் ‘பென்சார்’ வரும். ‘நினைக்க’ என்று பொருள். ‘நான் நினைக்கிறேன்’ என்பதற்கு ‘பென்சொ’ என்று எதிர்பார்த்தால், ‘பியேன்சொ’ என்கிறார்கள். சரி, வேர் மாறிவிட்டது என்று ஏற்றுக்கொண்டு ‘நாங்கள்’ வடிவத்துக்குப் போனால் அங்கே மறுபடியும் பழைய வேர்: ‘பென்சாமொஸ்’.

இதை எப்படிப் படிப்பது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். அட்டவணையை மனப்பாடம் செய் என்பார் ஒருவர். பூட்ஸ் படம் போட்டுக்கொள் என்பார் இன்னொருவர். விதியே வேண்டாம், வாக்கியமாகப் பேசிப் பழகு என்பவர்களும் உண்டு. இந்த வழிகளில் எதை எடுப்பது என்று தயங்கி நிற்பவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு.

முதலில் எழுத்து முறை பற்றி ஒரு வார்த்தை. ஸ்பானிஷ் சொற்களில் எந்த அசை அழுத்தம் பெறுகிறதோ (மற்ற அசைகளைவிடச் சற்று உரத்து ஒலிக்கிறதோ) அதை இங்கே நெடிலாகவும், மற்றவற்றைக் குறிலாகவும் எழுதியிருக்கிறேன். ‘பியேன்சொ’ என்றால் ‘யே’யில் அழுத்தம், ‘பென்சாமொஸ்’ என்றால் ‘சா’வில். இது வசதிக்காகச் செய்தது மட்டும் இல்லை என்பது போகப்போகத் தெரியும்.

## மாற்றம் எப்படிப்பட்டது?

| | பென்சார் (நினைக்க) | தொர்மீர் (தூங்க) | பெதீர் (கேட்டு வாங்க) |
|---|---|---|---|
| நான் | பியேன்சொ | துவேர்மொ | பீதொ |
| நீ | பியேன்சஸ் | துவேர்மெஸ் | பீதெஸ் |
| அவர், தாங்கள் | பியேன்ச | துவேர்மெ | பீதெ |
| நாங்கள் | பென்சாமொஸ் | தொர்மீமொஸ் | பெதீமொஸ் |
| நீங்கள் (ஸ்பெயினில், நெருக்கமானவர்களிடம்) | பென்சாய்ஸ் | தொர்மீஸ் | பெதீஸ் |
| அவர்கள் | பியேன்சன் | துவேர்மென் | பீதென் |

முக்கியமான மாற்றங்கள் இந்த மூன்றுதான்: எ என்பது இயே ஆவது, ஒ என்பது உவே ஆவது, எ என்பது இ ஆவது. மூன்றாவது வகை -ஈர் வினைகளில் மட்டும் வரும். இவை தவிர, ‘விளையாட’ என்ற பொருள் கொண்ட ஹுகார் மட்டும் உ-வை உவே ஆக்கி ‘ஹுவேகொ’ என்று நிற்கும். பழைய ஸ்பானிஷில் அதன் வேரிலும் ஒ தான் இருந்தது, பின்னால் உ ஆனது. அதனால் அதைத் தனி வகையாகப் பயந்து பார்க்க வேண்டியதில்லை.

இந்த வினைகளை ஒதுக்கிவைத்துவிட்டு மொழியைப் பேச முடியாது. முடியும், வேண்டும், இருக்கிறது, வருகிறேன், சொல்கிறேன், தொடங்குகிறது, விலை இவ்வளவு என்று அன்றாடம் வாயில் வரும் வினைகளில் பெரும் பங்கு இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது.

## எதை வைத்து எடைபோடுவது?

வேர் மாறும் வினையைச் சரியாகச் சொல்ல இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிய வேண்டும். இந்த வினை மாறுமா, மாறாதா? மாறும் என்றால், ஆறு வடிவங்களில் எவற்றில் மாறும்? இவை முற்றிலும் வேறு வேறு கேள்விகள். ஆனால் பெரும்பாலான பாடங்கள் இரண்டையும் ஒன்றாகக் கலந்தே சொல்கின்றன. “விதியைப் படித்தேன், ஆனாலும் தப்பு வருகிறது” என்று சொல்பவர்களில் பலர், ஒரு கேள்விக்கான விடையை வைத்துக்கொண்டு மற்றதற்கும் அதையே பயன்படுத்தப் பார்க்கிறார்கள்.

இந்த இரண்டோடு இன்னும் மூன்றைச் சேர்க்கிறேன். பேசும்போது யோசிக்காமல் வாயில் வருமா? நிகழ்காலத்தைத் தாண்டி வேறு காலங்களுக்கும், ஸ்பெயினைத் தாண்டி வேறு நாடுகளின் பேச்சுக்கும் அந்த வழி கைகொடுக்குமா? கடைசியாக, தமிழ் பேசி வளர்ந்த ஒருவருக்கு அது எவ்வளவு எளிதில் பிடிபடும்? இந்தக் கடைசி அளவுகோல் ஆங்கிலவழிப் பாடநூல்களில் இருக்காது. நம் காது வேறு விதமாகப் பழகியது, அதனால் முடிவும் கொஞ்சம் மாறுகிறது.

## வழி 1: முழு அட்டவணையை மனப்பாடம் செய்வது

வினைக்கு ஆறு வடிவம், ஒன்று விடாமல் ஒப்பிப்பது. வாய்ப்பாடு ஒப்பித்து வளர்ந்த நமக்கு இது புதிதில்லை. நம்பகமானதும்கூட: அட்டவணையை உருப்போட்ட வினையைப் பொறுத்தவரை இரண்டு கேள்விகளுக்கும் விடை கையில் இருக்கிறது.

மறைந்திருக்கும் விலை அளவில் இருக்கிறது. 60 வினைகளை இப்படிப் படித்தால் 360 வடிவங்கள். ஆனால் ஒவ்வொரு அட்டவணையிலும் உண்மையில் புதிதாக இருப்பது ஒரே ஒரு செய்தி: மாறிய வேர். மற்றதெல்லாம் ஏற்கெனவே தெரிந்த விகுதிகள். படிப்பவர் ஒரு செய்திக்கு ஆறு மடங்கு உழைக்கிறார், 61-ஆவது வினை வரும்போது மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறார்.

பேச்சிலும் ஒரு சிக்கல் உண்டு. வரிசையாக ஒப்பித்துப் பழகியவருக்கு ‘அவர்கள்’ வடிவம் தேவைப்பட்டால் மனம் ‘நான்’ என்பதிலிருந்து இறங்கி வர வேண்டும். எதிரில் இருப்பவர் அதற்குள் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுவார்.

அப்படியானால் இந்த வழி யாருக்கு? கட்டத்தை நிரப்பு என்று கேட்கும் பள்ளித் தேர்வு அடுத்த வாரம் இருப்பவர்களுக்கு. அப்புறம், விதிக்குள் முழுதாக அடங்காத சில வினைகளுக்கு எல்லோருக்கும். தெனேர் (வைத்திருக்க) என்ற வினை ‘தேங்கொ, தியேனெஸ், தியேனெ, தெனேமொஸ்’ என்று போகும். ‘நான்’ வடிவம் மட்டும் தனி வழி. வெனீர் (வர), தெசீர் (சொல்ல) இரண்டும் அப்படியே. இந்த மூன்றையும் அட்டவணையாகவே உருப்போட்டுவிடுவது நல்லது. அன்றாடம் பயன்படுபவை, உழைப்பு வீண் போகாது.

## வழி 2: பூட்ஸ் படம்

அமெரிக்கப் பள்ளிகளில் ஸ்பானிஷ் எடுக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் படம் நன்றாகத் தெரியும். நான், நீ, அவர் என்ற மூன்றை இடப்பக்கம் மேலிருந்து கீழாகவும், நாங்கள், நீங்கள், அவர்கள் என்ற மூன்றை வலப்பக்கமும் எழுதுகிறார்கள். வேர் மாறும் நான்கு கட்டங்களைச் சுற்றிக் கோடு இழுத்தால் பூட்ஸ் வடிவம் வரும். இடப்பக்க மூன்றும் கால், கீழே வலப்பக்கத்தில் இருக்கும் ‘அவர்கள்’ பாதம். பூட்ஸுக்கு உள்ளே இருப்பது மாறும், வெளியே இருப்பது மாறாது.

‘எந்த வடிவத்தில் மாறும்’ என்ற கேள்விக்கு ஒரே பார்வையில் விடை சொல்லும் படம் இது. பத்து நிமிடத்தில் புரியும். சிறுவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்றே சொல்வேன். அட்டவணைப் படிப்பைவிட உழைப்பும் மிகக் குறைவு, ஏனென்றால் ஒரு படம் எல்லா வினைகளுக்கும் பொருந்துகிறது.

சிக்கல் அர்ஜென்டினாவில் தொடங்குகிறது. அர்ஜென்டினா, உருகுவே, பராகுவே நாடுகளிலும் மத்திய அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் நெருக்கமானவர்களை ‘தூ’ என்று அழைப்பதற்குப் பதிலாக ‘வோஸ்’ என்று அழைக்கிறார்கள். அர்ஜென்டினாவில் அதற்குரிய வினைவடிவம் ‘பியேன்சஸ்’ இல்லை, ‘பென்சாஸ்’. அதேபோல் ‘கியேரெஸ்’ (விரும்புகிறாய்) இல்லை, ‘கெரேஸ்’. ‘புவேதெஸ்’ (உன்னால் முடியும்) இல்லை, ‘பொதேஸ்’. பூட்ஸின் கால் நடுவிலேயே அறுந்துபோகிறது. மறுபக்கம், லத்தீன் அமெரிக்காவில் ஸ்பெயினின் ‘நீங்கள்’ வடிவமே புழக்கத்தில் இல்லை. ‘அவர்கள்’ வடிவம்தான் அந்த வேலையையும் செய்கிறது. மெக்சிகோவில் பேசப்போகிறவருக்கு மாறாத கட்டம் ஒன்றே ஒன்று: நாங்கள். அதற்கு ஒரு படம் தேவையே இல்லை.

இன்னொரு குறையை நான் பெரிதாக நினைக்கிறேன். பூட்ஸ் எங்கே மாறும் என்று காட்டுகிறது, ஏன் என்று சொல்வதில்லை. அதனால் கட்டம் இல்லாத இடத்துக்கு வந்ததும் படிப்பவர் கைவிடப்படுகிறார். இறந்தகாலத்தில் பூட்ஸ் உண்டா? எதிர்காலத்தில்? ஒருவருக்குச் சொல்லும் கட்டளையில்? ஒவ்வொன்றையும் புதிதாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

## வழி 3: அழுத்த விதி

விதி ஒரு வரிதான். வேரின் கடைசி உயிர் அழுத்தம் பெறும்போது மாறும். அழுத்தம் விகுதிக்குப் போய்விட்டால் மாறாது.

மேலே உள்ள அட்டவணையைத் திரும்பப் பாருங்கள். பியேன்சொ, பியேன்சஸ், பியேன்ச, பியேன்சன்: நெடில் வேரில் இருக்கிறது, வேர் மாறியிருக்கிறது. பென்சாமொஸ், பென்சாய்ஸ்: நெடில் விகுதியில் இருக்கிறது, வேர் அப்படியே இருக்கிறது. பூட்ஸ் என்பது இந்த விதியின் நிழல். அர்ஜென்டினாவின் ‘பென்சாஸ்’ எப்படி வந்தது என்பதும் இப்போது தெளிவாகிறது. ‘வோஸ்’ வடிவத்தில் அழுத்தம் விகுதியில் விழுகிறது, ஆகவே வேர் மாறவில்லை. விதிவிலக்கு மாதிரி தெரிந்தது விதிக்குள்ளேயே அடங்கிவிட்டது.

இது வினைகளுக்காகப் பின்னால் கண்டுபிடித்த உத்தி இல்லை. ஸ்பானிஷ் லத்தீனிலிருந்து பிறந்தபோது நடந்த ஒலிமாற்றம். லத்தீனில் தமிழைப் போலவே எ, ஏ என்றும் ஒ, ஓ என்றும் குறில் நெடில் வேறுபாடு இருந்தது. அழுத்தம் பெற்ற குறில் எ, காஸ்தில் பகுதியின் பேச்சில் இயே என்று உடைந்தது. குறில் ஒ, உவே என்று உடைந்தது. நெடில் உடையவில்லை. பெர்தேர் (இழக்க) என்ற வினைக்கு லத்தீனில் குறில் எ, அதனால் இன்று ‘பியேர்தெ’. வென்தேர் (விற்க) என்பதற்கு லத்தீனில் நெடில் ஏ, அதனால் இன்றும் ‘வேன்தெ’ என்றே நிற்கிறது. மற்ற வினைகளைப் பார்த்துப் பின்னாளில் மாறிக்கொண்டவையும் உண்டு. ஆனால் அடிப்படை இதுதான். வா என்பது ‘வ’ எனக் குறுகியது விகாரம் என்று பகுபத உறுப்பிலக்கணத்தில் படித்தவர்களுக்கு, வேர் விகாரப்படுவது ஒன்றும் விசித்திரமாகத் தோன்றாது.

பெயர்ச்சொற்களிலும் எண்ணுப் பெயர்களிலும் இதே மாற்றத்தைப் பார்க்கலாம். ஒன்பது ‘நுவேவெ’, தொண்ணூறு ‘நொவேன்த’. ஏழு ‘சியேத்தெ’, எழுபது ‘செத்தேன்த’. பல் ‘தியேன்தெ’, பல் மருத்துவர் ‘தென்தீஸ்த’. அழுத்தம் நகர்ந்ததும் உடைந்த உயிர் திரும்ப ஒன்றாகிவிடுகிறது. எண்களைப் படித்த முதல் வாரத்திலேயே இந்த விதி நம் கைக்கு வந்துவிட்டது; யாரும் சுட்டிக்காட்டவில்லை, அவ்வளவுதான். பள்ளியில் பிரெஞ்சு எடுத்தவர்கள் இதன் உறவுக்காரரையும் பார்த்திருப்பார்கள்: ‘முடியும்’ என்ற வினை ‘நான்’ என்றால் ‘பெ’, ‘நாங்கள்’ என்றால் ‘பூவோன்’.

நிகழ்காலத்தைத் தாண்டினால்தான் இந்த விதியின் பலம் முழுதாகத் தெரியும். பென்சாரின் இறந்தகாலம் ‘பென்சே, பென்சாஸ்தெ, பென்சோ’. எதிர்காலம் ‘பென்சரே’. எல்லாவற்றிலும் அழுத்தம் விகுதியில், எங்கும் வேர் மாறவில்லை. ‘யோசி’ என்று கட்டளையிட ‘பியேன்ச’: அழுத்தம் வேரில், வேர் மாறுகிறது. தனித்தனியாகப் படிக்க வேண்டிய நான்கைந்து பாடங்கள் ஒரே வரியில் முடிந்துபோகின்றன.

இதற்கும் விலை உண்டு. -ஈர் வினைகள் விதிக்கு வெளியே இன்னொரு வேலையும் செய்கின்றன. ‘அவர் தூங்கினார்’ என்பது ‘துர்மியோ’, ‘அவர் கேட்டார்’ என்பது ‘பிதியோ’, ‘தூங்கிக்கொண்டு’ என்பது ‘துர்மியேன்தொ’. அழுத்தம் விகுதியில்தான் இருக்கிறது, இருந்தும் வேரில் ஒ என்பது உ ஆகவும், எ என்பது இ ஆகவும் மாறியிருக்கிறது. இது வேறு விதி, -ஈர் வினைகளுக்கு மட்டும் உரியது. நிகழ்காலம் படிக்கும்போது இதைத் தொடவே வேண்டாம், குழப்பம்தான் மிஞ்சும்.

பெரிய விலை நம் காது சார்ந்தது. தமிழில் அழுத்தத்தை மாற்றிச் சொன்னால் பொருள் மாறாது. அதனால் நாம் அதைக் கவனித்துக் கேட்டுப் பழகியதே இல்லை. ஆங்கிலம் பேசி வளர்ந்தவருக்கு ‘அழுத்தம் எங்கே’ என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவார்; நம்மில் பலருக்கு அந்தக் கேள்வியே பிடிபடாது. இந்த விதி தமிழர்களுக்கு உதவாது என்று சிலர் ஒதுக்குவதற்குக் காரணம் இதுதான். நான் அதை ஏற்கவில்லை. நமக்கு அழுத்தம் கேட்காவிட்டாலும் நீளம் துல்லியமாகக் கேட்கும். ஸ்பானிஷில் அழுத்தம் பெறும் அசை சற்று உரத்தும் கொஞ்சம் நீண்டும் ஒலிக்கிறது. அதை நெடில் என்று குறித்துக்கொண்டால் விதி தமிழ்க் காதுக்கு ஏற்றபடி மாறிவிடுகிறது: நெடில் வேரில் விழுந்தால் மாற்று, விகுதியில் விழுந்தால் விட்டுவிடு. பேசும்போது உண்மையான தமிழ் நெடில் அளவுக்கு இழுக்க வேண்டாம், படிக்கும் காலத்தில் ஒரு கைப்பிடியாக வைத்துக்கொண்டால் போதும்.

எழுத்தைப் பார்த்தே அழுத்தத்தைக் கண்டுபிடிக்கவும் முடியும். உயிர், ன், ஸ் ஆகியவற்றில் முடியும் சொற்களுக்குக் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம். மற்றவற்றுக்குக் கடைசி அசையில். இதற்கு மாறாக வந்தால் அந்த உயிரெழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு இருக்கும். அதனால் புத்தகத்தில் ஒரு புதிய வடிவத்தைப் பார்த்தாலும் நெடில் எங்கே போட வேண்டும் என்று தடுமாற வேண்டியதில்லை.

‘கடைசி உயிர்’ என்பதை மறக்க வேண்டாம். எம்பெசார் (தொடங்க) என்பதில் இரண்டு எ இருக்கின்றன. மாறுவது இரண்டாவது: ‘எம்பியேசொ’. ரெப்பெத்தீர் (திரும்பச் சொல்ல) என்பது ‘ரெப்பீத்தொ’. அழுத்தத்தை வைத்துப் படித்தவருக்கு இந்தத் தப்பு வருவதில்லை, ஏனென்றால் முதல் எ-யில் நெடில் விழவே விழாது.

## வழி 4: இணை அட்டை

அழுத்த விதி எவ்வளவு நன்றாக இருந்தாலும் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது: இந்த வினை மாறுமா? என்தென்தேர், கொம்ப்ரென்தேர் இரண்டுக்கும் ‘புரிந்துகொள்ள’ என்றே பொருள். ஒன்று ‘என்தியேன்தொ’ ஆகிறது, மற்றது ‘கொம்ப்ரேன்தொ’ என்று மாறாமல் நிற்கிறது. கொன்தார் (எண்ண, சொல்ல) ‘குவேன்த’. மொன்தார் (ஏற) ‘மோன்த’. இன்னும் கொடுமை, லத்தீன் அமெரிக்க உச்சரிப்பில் ‘வேகவைக்க’ என்பதும் ‘தைக்க’ என்பதும் ஒரே மாதிரி ‘கொசேர்’ என்றுதான் ஒலிக்கின்றன. முதலாவது ‘குவேசெ’, இரண்டாவது ‘கோசெ’. இன்றைய சொல்லின் வடிவத்தை மட்டும் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது. ஸ்பானிஷ் தாய்மொழியாகக் கொண்டவர்களே அப்ரெத்தார் (இறுக்க) என்பதை ‘அப்ரியேத்த’ என்பதற்குப் பதில் ‘அப்ரேத்த’ என்று சொல்வதுண்டு.

இதற்குப் பாடநூல்கள் தரும் விடை குழுப் பட்டியல்: இயே ஆகும் வினைகள் ஒரு பக்கம், உவே ஆகும் வினைகள் ஒரு பக்கம். பட்டியலாகப் படித்தது பட்டியலாகவே நினைவில் தங்கும். பேசும்போது எந்தப் பட்டியலில் பார்த்தோம் என்று தேட வேண்டியிருக்கும். அதைவிட, வினையைக் கற்கும் நாளிலேயே இரண்டு வடிவங்களைச் சேர்த்து ஒரு அட்டையில் எழுதி, ஒரே சொல்லாக மனதில் போடுவது நல்லது: ‘பென்சார், பியேன்ச’. ‘கொமேர் (சாப்பிட), கோமெ’. மாறாத வினைக்கும் இணை போட வேண்டும், மாறாது என்பதும் ஒரு செய்திதான்.

இணையில் இரண்டாவதாக எந்த வடிவம்? வழக்கமாக ‘நான்’ வடிவத்தைச் சொல்வார்கள். நான் ‘அவர்’ வடிவத்தைப் பரிந்துரைப்பேன். ‘தேங்கொ’, ‘வேங்கொ’, ‘தீகொ’ போல ‘நான்’ வடிவம் தனி வழியில் போகும் இடங்களில்கூட, ‘தியேனெ’, ‘வியேனெ’, ‘தீசெ’ என்று ‘அவர்’ வடிவம் வேர் மாற்றத்தைச் சுத்தமாகக் காட்டும். மழை பெய்கிறது (யுவேவெ), பனி பெய்கிறது (நியேவ) போன்றவற்றுக்கு நடைமுறையில் அந்த ஒரு வடிவம்தான் தேவை. விலை கேட்கும் ‘குவேஸ்த’வும் பெரும்பாலும் அப்படித்தான்.

இணை போடும் வேலையைக் குறைக்கச் சில குறுக்கு வழிகள் உண்டு. வேரின் கடைசி உயிர் எ ஆக இருக்கும் -ஈர் வினை ஏறக்குறைய எப்போதும் மாறும். அதில் -என்தீர், -எரீர், -எர்தீர் என்று முடிபவை இயே ஆகும்: சென்தீர் (உணர), ப்ரெஃபெரீர் (விரும்பித் தேர்ந்தெடுக்க), திவெர்தீர் (மகிழ்விக்க). மற்றவை பெரும்பாலும் இ ஆகும்: பெதீர், மெதீர் (அளக்க), செர்வீர் (பரிமாற), வெஸ்தீர் (உடுத்த). ஒ உள்ள -ஈர் வினைகளில் உவே ஆவது தூங்குவதும் சாவதும் மட்டும்தான், தொர்மீர், மொரீர்.

-ஆர் வினைகளுக்குத் தெரிந்த பெயர்ச்சொல் துப்புக் கொடுக்கும். ஹோட்டலில் பில் கேட்க ‘ல குவேன்த’ என்று சொல்லத் தெரிந்தால், கொன்தார் மாறும் என்று அர்த்தம். மதிய உணவு ‘அல்முவேர்சொ’, ஆகவே அல்மொர்சார் மாறும். கனவு ‘சுவேஞொ’, ஆகவே சொஞார் மாறும். எல்லா வினைக்கும் இப்படிப் பெயர்ச்சொல் கிடைக்காது. பென்சாருக்கே கிடைப்பது ‘பென்சமியேன்தொ’. அதில் அழுத்தம் வேரை விட்டுப் போய்விட்டதால் துப்பு இல்லை.

இந்த வழியின் விலை: அகராதியில் சொல்லைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் கூடுதலாக ஒரு வரி எழுத வேண்டும், முதல் நாளிலிருந்தே. ஐம்பது வினைகளை ஒற்றை வடிவமாகப் படித்துவிட்ட பிறகு இதற்கு மாறுவது சோர்வான வேலை. 1713-இல் தொடங்கப்பட்ட ஸ்பெயின் மொழிக் கழகமான ரெயால் அகாதேமியாவின் அகராதி இணையத்தில் இலவசம், வினைக்கு முழு வடிவ அட்டவணையும் தருகிறது. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசமாகக் கிடைக்கும் அன்கி என்ற நினைவட்டைச் செயலியில் இணைகளைப் போட்டு வைத்தால் திருப்பிப் பார்க்கும் வேலையை அது கவனித்துக்கொள்ளும்.

## வழி 5: வாக்கியமாகவே பிடிப்பது

‘நோ என்தியேன்தொ’ (புரியவில்லை), ‘குவான்தொ குவேஸ்த’ (என்ன விலை), ‘நோ புவேதொ’ (என்னால் முடியாது), ‘லொ சியேன்தொ’ (மன்னிக்கவும்). இலக்கணம் தெரியாமலேயே சரியாகச் சொல்ல முடிகிறது. வேகம் என்ற அளவுகோலில் இதை மிஞ்ச எதுவும் இல்லை.

நாம் முதலில் பிடிக்கும் வாக்கியங்களில் ‘நான்’, ‘நீ’, ‘அவர்’ வடிவங்கள்தான் நிறைய. எல்லாமே மாறிய வேர். அந்தப் பழக்கத்தில் ‘எங்களால் முடியும்’ என்று சொல்லப் போகும்போது ‘புவேதெமொஸ்’ என்று வந்துவிடும், சரியானது ‘பொதேமொஸ்’. ஆகவே வாக்கியங்களைச் சேர்க்கும்போதே ‘நாங்கள்’ வாக்கியங்களையும் தேடிச் சேர்க்க வேண்டும். ‘அல்மொர்சாமொஸ் அ ல ஊன’ (ஒரு மணிக்கு மதிய உணவு சாப்பிடுகிறோம்) மாதிரி.

## ஒரே பார்வையில்

| வழி | எந்த வினை மாறும்? | எந்த வடிவத்தில்? | பேச்சு வேகம் | வேறு காலம், வேறு நாடு | தமிழர்க்கு |
|---|---|---|---|---|---|
| அட்டவணை | படித்தவற்றுக்கு மட்டும் | தெரியும் | குறைவு | உதவாது | பழகிய முறை, உழைப்பு அதிகம் |
| பூட்ஸ் படம் | சொல்லாது | தெரியும் | நடுத்தரம் | வோஸ் நாடுகளில் உடையும் | மிக எளிது |
| அழுத்த விதி | சொல்லாது | காரணத்தோடு தெரியும் | பழகியபின் நன்று | மிக நன்று | நெடிலாகக் குறித்தால் எளிது |
| இணை அட்டை | தெரியும் | சொல்லாது | நன்று | நன்று | எளிது, பொறுமை வேண்டும் |
| வாக்கியம் | பிடித்தவற்றுக்கு மட்டும் | அரைகுறை | மிக அதிகம் | குறைவு | மிக எளிது |

## யாருக்கு எது?

அழுத்த விதியும் இணை அட்டையும் சேர்ந்துதான் முழு விடை என்பது என் தீர்மானமான கருத்து. ஒன்று இரண்டாவது கேள்விக்கும் மற்றது முதல் கேள்விக்கும் பதில் சொல்கிறது. ஒன்றின் ஓட்டையை மற்றது அடைக்கிறது. ஓராண்டோ அதற்கு மேலோ ஸ்பானிஷ் படிக்கப்போகும் எவருக்கும் இதைத்தான் சொல்வேன். செர்வாந்தேஸ் நிறுவனத்தின் டெலே என்ற ஸ்பானிஷ் மொழித்திறன் தேர்வில் ஏ1, ஏ2 என்ற தொடக்க நிலைகளைத் தாண்டிப் போக நினைப்பவர்களும் இதில் சேர்த்தி. அங்கே இறந்தகாலமும் கட்டளையும் வந்து குவியும்போது அட்டவணைப் படிப்பு மூச்சு வாங்கவைத்துவிடும்.

பிள்ளைக்குப் பள்ளியில் அடுத்த வாரம் தேர்வு என்றால் பூட்ஸ் படமும், ஆசிரியர் கொடுத்த வினைப் பட்டியலும் போதும். மதிப்பெண் அதற்குத்தான். தேர்வு முடிந்த வார இறுதியில் அதே படத்தை எடுத்து, நெடில் எங்கே விழுகிறது என்று பிள்ளையையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

பத்து நாள் சுற்றுப்பயணம் போகிறவர்களுக்கு இலக்கணமே வேண்டாம். இருபது வாக்கியங்களை நன்றாகப் பழகிக்கொண்டு போகலாம்.

வேலைக்காக மெக்சிகோ, கொலம்பியா, ஸ்பெயின் ஆட்களோடு மாறி மாறிப் பேச வேண்டியவர்கள் பூட்ஸைத் தவிர்ப்பது நல்லது. ஸ்பெயின்காரர் ‘கெரேய்ஸ்’ என்பார், மெக்சிகோக்காரர் அதே இடத்தில் ‘கியேரென்’ என்பார், கொலம்பியாவின் மெதெயின் ஊர்க்காரர் ‘வோஸ் கெரேஸ்’ என்பார். அழுத்தத்தைக் கேட்கப் பழகியவருக்கு இவை மூன்றும் ஒரே வினை என்பது உடனே தெரியும்.

தனியாகப் படிப்பவர்கள், கெரேர் (விரும்ப), பொதேர் (முடிய), பென்சார், தொர்மீர், பெதீர், ஹுகார், எம்பெசார், என்தென்தேர், கொன்தார், ப்ரெஃபெரீர் என்ற பத்திலிருந்து தொடங்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை: முன்பக்கம் மூல வடிவம், பின்பக்கம் ‘அவர்’ வடிவமும் ஒரு ‘நாங்கள்’ வாக்கியமும். நெடில் விழும் எழுத்தின் கீழே பென்சிலால் ஒரு கோடு. இவற்றோடு கொமேர், வென்தேர், கொம்ப்ரென்தேர் என்று மாறாத மூன்றையும் கலந்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணில் படும் எ-யை எல்லாம் இயே ஆக்கும் பழக்கம் வந்துவிடும்.